உறக்கம் எத்தனை மணிக்கு முறிகிறது? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு ஒரு வழி

"சிஸ்டரே, ஒரு பொட்டு உறங்கல்ல" என்று சொல்பவரிடம் முதலில் மணியைக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது கண் அசந்தது, எப்போது முழிப்பு வந்தது, முழித்ததும் என்ன செய்தார். பத்து மணிக்குப் படுத்து ஒரு மணிவரை புரள்கிறவர் ஒருவர். படுத்ததும் உறங்கிவிட்டு ஒரு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறவர் இன்னொருவர். மூன்று மணிக்கு முழித்து விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடக்கிறவர் வேறொருவர். மூவரும் சொல்லும் புகார் ஒன்றுதான், கோளாறு மூன்றும் வேறு வேறு. உறக்க மாத்திரை மூவருக்கும் ஆகிவராது. நடுவில் சொன்னவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களையும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மருந்தை மாற்றுவது மருத்துவரின் வேலை. எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து அவரிடம் சொல்வது நம் வேலை.

அதற்குத் தனி நோட்டு வாங்க வேண்டாம். கேஸ் வந்த தேதியும் பால் கணக்கும் எழுதுகிற சமையலறைக் காலண்டரே போதும். இரண்டு வாரத்துக்கு, காலையில் எழுந்ததும் அந்தந்தக் கட்டத்தில் குறிக்கட்டும்: படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முறை முழிப்பு, பகலில் உறங்கியது, கடைசிச் சாயா எப்போது. குத்துமதிப்பாக இருந்தால் போதும். இரவில் மணி பார்த்து எழுதச் சொல்லிவிடாதீர்கள், மணி பார்ப்பதே பாதி உறக்கத்தைக் கெடுக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

காலண்டரும் கேள்வியும் பிறகு. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் குறைகிறதா? உறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திணறி எழுந்து சன்னலைத் தேடுகிறாரா? இதயம் சரியாக இறைக்காமல் நுரையீரலில் நீர் சேரும்போது இப்படித்தான் ஆகும். படுத்ததும் கால் பக்கம் இருந்த நீரெல்லாம் மேலே திரும்பி வருகிறது. "எத்தனை தலையணை வைக்கிறீங்க?" என்ற கேள்வி இதற்கு நல்ல அளவுகோல். போன மாதம் ஒன்று, இந்த மாதம் மூன்று என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு வலியோ, சளியில் இளஞ்சிவப்பு நுரையோ சேர்ந்தால் நிமிர்த்தி உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் நள்ளிரவில் வேர்த்து நனைந்து எழுந்தாலும், கெட்ட கனவு கண்டு உளறினாலும், காலையில் தலைவலியோடு எழுந்தாலும் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போட்டவர்களுக்கு இது வரும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் கொடுத்துவிடலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108.

"கிடந்தா உறக்கம் வரல்ல"

இந்தப் புகார் வந்தால் சாயாவைக் கேட்டுவிட்டு மேலே போங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் கட்டன் சாயாவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "சாயாவா, ரெண்டு தான்" என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டன், நாலு மணிக்கு ஒன்று, ஜெபம் முடிந்து ஒன்று என்று அப்புறம்தான் வரும். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் நேரம் பிடிக்கும். கடைசிச் சாயாவை மதியம் இரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பால் இல்லாவிட்டாலும் அது தேயிலைதான். அந்த நேரத்துப் பழக்கத்தை விட முடியாதவர்களுக்குச் சீரக வெந்நீர் கைகொடுக்கும்.

அடுத்தது போன். இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு, பாடப்புத்தகத்தில் கிடைக்காது. வீட்டுக்காரர் சவூதியிலோ குவைத்திலோ கத்தாரிலோ இருந்தால் அவருடைய கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். துபாய் என்றால் ஒன்றரை மணி. அவர் வேலை முடித்து, சமைத்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு அழைக்கும்போது இங்கே பன்னிரண்டரை. பேசி முடித்து, சொன்னதையும் சொல்லாததையும் நினைத்துக் கிடந்து, உறங்கும்போது இரண்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஐந்தரைக்கு எழ வேண்டும். தலைவலி, படபடப்பு என்று வருகிற எத்தனையோ இளம் தாய்மாருக்கு வேர் இங்கேதான். போனை விடு என்று சொல்வதில் அர்த்தமில்லை, அந்த வீட்டுக்கு அதுதான் குடும்பம். அங்கே வேலை முடிந்த கையோடு, இங்கே எட்டரை ஒன்பதுக்குள், முதலில் வீட்டுக்கு அழைத்துவிட்டு அப்புறம் சமைக்கச் சொல்லலாம். நீளமான பேச்சை அவருடைய விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கணவரிடமும் நேரில் பேச வேண்டியிருக்கும், அதே போனில்.

சாயாவும் போனும் சரியாக இருந்தும் உறக்கம் வரவில்லை என்றால் படுக்கையைப் பாருங்கள். மாலை ஏழு மணி முதலே கட்டிலில் சாய்ந்து சீரியல் பார்த்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே கடன் கணக்கையும் போட்டால், கட்டில் என்றதும் உடம்புக்கு முழிப்பு பழகிவிடும். உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும். ஒரே அறை வீட்டில் எங்கே போவது என்பார்கள். வராந்தாவில் ஒரு நாற்காலி போதும். மங்கின வெளிச்சத்தில் ஜெபமாலை உருட்டலாம், துணி மடிக்கலாம், சும்மா இருக்கலாம். சொக்கியதும் திரும்பப் படுக்கலாம். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. முதல் வாரம் இது கொடுமையாக இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். பகல் உறக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள்.

வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமாக இப்படி என்றால் அது நாள்பட்ட உறக்கமின்மை. அதற்கும் முதல் சிகிச்சை மேலே சொன்ன பழக்க மாற்றங்களையும் மனப் பயிற்சியையும் சேர்த்துத் தரும் முறைதான், மாத்திரை அதற்குப் பின்.

"ஒண்ணுக்குப் போக எழும்பிட்டே இருக்கேன்"

வயதானவர் இரவில் ஒரு முறை எழுவது சகஜம். இரண்டு மூன்று என்று ஆகும்போது விசாரிக்க வேண்டும். இங்கே நேரத்தைவிட அளவு முக்கியம். ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறதா, கொஞ்சமாகச் சொட்டுகிறதா?

பழைய அளவு ஜாடி ஒன்றைக் கழிப்பறையில் வைத்து மூன்று நாள் அளக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் இதைப் போலத் துப்புக் கொடுப்பது வேறில்லை. படுத்ததிலிருந்து காலை முதல் சிறுநீர்வரை வந்தது அந்த நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால், உடம்பு இரவில் அதிகமாக நீர் இறக்குகிறது என்று பொருள். அப்போது சர்க்கரையைப் பாருங்கள், கணுக்காலை அழுத்திப் பாருங்கள். விரல் வைத்த இடம் குழியாக நின்றால், பகல் முழுக்கக் காலில் தங்கிய நீர்தான் படுத்ததும் சிறுநீரகத்துக்கு வருகிறது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையாலும் சிலருக்குக் கால் வீங்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தால் அந்த நீர் பகலிலேயே வெளியேறிவிடும். மூச்சுத் திணறல் உள்ளவரை மட்டும் இதற்காக மட்டமாகப் படுக்கவைக்காதீர்கள்.

சொட்டு சொட்டாக, அவசரமாக, எரிச்சலோடு என்றால் வேறு பாதை: ஆண்களுக்கு புரோஸ்டேட், பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று, இருவருக்கும் மலச்சிக்கல்.

அப்புறம் மாத்திரை டப்பா. சீட்டைப் படித்தால் போதாது, டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேளுங்கள்.

"பாட்டி, இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை எப்போ போடுவீங்க?"

"அது ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு, மக்ளே. எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா மறக்காதுல்லா."

சின்ன வெள்ளை மாத்திரை லாசிக்ஸ். காலையில் போட வேண்டிய நீர் பிரியும் மாத்திரை. இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டாவதைப் பொதுவாகப் பிற்பகல் நான்கு மணிக்குள் போடச் சொல்வார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரைப் பட்டையின் மேல் சூரியன் ஒன்று வரைந்து கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நல்ல காரியம்தான். ஆனால் டப்பாவுக்குள் பழைய சீட்டு, புதிய சீட்டு, தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டு என மூன்று மருந்தும் கலந்து கிடப்பதை யாராவது உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

எழ வேண்டும் என்ற பயத்தில் சாயங்காலம் நான்கு மணியோடு தண்ணீரையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் இது மயக்கத்தில் கொண்டு விடும். பகலில் தாராளமாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்தால் போதும்.

இன்னொன்று, கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் வீடுகள். நம் ஊரில் தென்மேற்குப் பருவமும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. பின்முற்றம் ஆனியிலிருந்து கார்த்திகைவரை பாசி பிடித்தே கிடக்கும். அரை உறக்கத்தில் அந்த முற்றத்தில் கால் வைத்து இடுப்பு முறிந்து வருகிற முதியவர்களைப் பார்க்காத எலும்பு வார்டு கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்மோட் நாற்காலியோ யூரினலோ, கைக்கு எட்டும் இடத்தில் டார்ச். எழுந்ததும் நடக்காமல் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிறகு எழுவது. இந்த மூன்றும் எந்த மாத்திரையைவிடவும் உருப்படி.

"எட்டு மணி நேரம் உறங்குறேன், ஆனா அசதி போகல்ல"

நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். பலத்த குறட்டை, நடுவில் திடீரென அமைதி, பிறகு ஒரு திணறல், மறுபடி குறட்டை. அந்த அமைதியில் பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றிருக்கும். உறக்க மூச்சடைப்பு இது. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், காலைத் தலைவலி, மூன்று மாத்திரை போட்டும் அடங்காத பிரஷர், பைக்கில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகுவது எல்லாம் கூடவே வரும். மனைவியைப் போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ அந்த வீடியோவைக் காட்டினால் பாதி பேச்சு மிச்சம். உறக்கத்தை இரவு முழுக்கப் பதிவு செய்யும் பரிசோதனைதான் இதை உறுதி செய்யும். அதுவரை ஒருக்களித்துப் படுப்பது, ராத்திரிக் குடியை நிறுத்துவது. குடித்தால் சீக்கிரம் உறக்கம் வருவது உண்மைதான். தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சு இன்னும் அடைக்கும், பின்னிரவு உறக்கமும் துண்டு துண்டாகும். பகலில் கண் சொருகுகிறவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

காலும் சொறியும் நெஞ்செரிச்சலும்

"காலு நமநமக்கு, ஆட்டிட்டே இருக்கணும் போல இருக்கு" என்று சாயங்காலத்துக்குப் பிறகு சொல்பவர்களுக்கு, நடந்தால் சரியாகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது அதிகம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள். ரிப்போர்ட் சரி என்று காட்டினாலும் 75-க்குக் கீழ் இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். சாப்பாட்டோடு குடிக்கும் சாயா இரும்பை உடம்பில் சேரவிடாது, கட்டனுக்கு இது இரண்டாவது குற்றம்.

இரவில் மட்டும் சொறிந்து சொறிந்து முழிக்கிறார், விரலிடுக்கிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக இருக்கிறது, வீட்டில் வேறு யாரோ சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. உறக்க மாத்திரை எழுதி வாங்கிப் போனவரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். மருத்துவர் எழுதும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழே விரல் நகம்வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடி. விரிப்பு, துண்டு எல்லாம் வெந்நீரில்.

நெஞ்செரிச்சலுக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் மட்டும் காரணமில்லை, அதைத் தின்ற நேரமும் காரணம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் உயரக் கட்டை; தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கித் தொல்லை கூடும். இடப்பக்கம் ஒருக்களித்தால் நல்லது.

"மூணு மணிக்கு முழிப்பு வந்திரும்"

எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்கும்முன் கவலைப்படாதீர்கள். குடும்ப ஜெபம் முடிந்து எட்டு மணிக்குப் படுத்த பெரியவர் மூன்று மணிக்கு முழித்தால் ஏழு மணி நேரம் ஆயிற்று, அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வயதாக ஆக உறக்கம் முன்னேரத்துக்கு நகரும். சாயங்காலம் வெயில் சாயும்வரை வெளியில் உட்காரவைத்து, படுப்பதை ஒன்பதரைக்குத் தள்ளினால் போதும்.

பத்துக்குப் படுத்தும் மூன்றுக்கு முழித்து, "இனி என்ன இருக்கு" என்று யோசனை ஓடுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, பேரப்பிள்ளை வந்தும் முகம் மலரவில்லை, இரண்டு வாரமாக இப்படி என்றால் மனச்சோர்வைச் சந்தேகியுங்கள். இருமலோ இழுப்போ இந்நேரத்தில் எழுப்பினால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம், அதிகாலையில்தான் மூச்சுக்குழல் அதிகம் சுருங்கும். கடலோர ஊர்களில் 2004 சுனாமியிலோ 2017 ஒக்கிப் புயலிலோ ஆளை இழந்த வீடுகளில், காற்று பலமாக அடிக்கிற ராத்திரிகளில் மட்டும் உறங்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்களிடமும், மனச்சோர்வு என்று சந்தேகிக்கிறவரிடமும் "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தால் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

"வேலை அப்படி, எப்போ உறங்க?"

ரப்பர் பால் வெட்டப் போகிறவர் மூன்று, நான்கு மணிக்குத் தலையில் லைட் மாட்டிக் கிளம்பியாக வேண்டும். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். தோவாளையில் பூ ஏலத்துக்குப் போகிறவருக்கும் அதே கதை. இவர்களிடம் காலையில் சீக்கிரம் எழாதீர்கள் என்று சொல்ல முடியாது, இரவைத்தான் முன்னே இழுக்க வேண்டும். எட்டரைக்குப் படுக்கை, மீதிக்கு மதியம் ஒன்றரை மணி நேரம். அரை மணிக் கணக்கு இவர்களுக்கு இல்லை. வீட்டில் சீரியல் ஓடும் அறையும் அவர் படுக்கும் அறையும் ஒன்றென்றால் டிவிதான் இடம் மாற வேண்டும்.

குளச்சலிலும் முட்டத்திலும் ராத்திரி தொழிலுக்குப் போய்க் காலையில் கரை ஏறுபவர்கள் பகலில் உறங்க, சன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, போன் வேறு அறையில். வாசலில் மீன் கணக்குப் பேச வருபவர்களுக்கு ஒரு நேரம் சொல்லிவிடுவது.

வார்டில், நாம் செய்யும் கோளாறு

பத்து மணிக்கு ஊசி, பன்னிரண்டுக்கு டிரிப் மாற்றம், இரண்டுக்கு பிரஷர், ஐந்துக்கு ரத்தம், ஆறுக்குக் கூட்டிப் பெருக்கல். இதற்கு நடுவில் நோயாளி உறங்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். ஒரு உறக்கச் சுற்று முடிய சுமார் 90 நிமிடம் வேண்டும், அந்த இடைவெளியாவது கிடைக்கிற மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்ய முடியும். நிலை சீராக உள்ளவருக்கு நடுராத்திரி அளவுகள் தேவையா என்று ரவுண்ட்ஸிலேயே மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நாமாக விட்டுவிடக் கூடாது. வலி மாத்திரை இரவு வேளை இருந்தால் படுப்பதற்கு அரை மணி முன்பு. வார்டில் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடாவிட்டாலே அது முடியாத காரியம்.

பகலெல்லாம் உறங்கி ராத்திரி டியூபைப் பிடுங்குகிற முதியவருக்கு உறக்க மாத்திரை கேட்டு டியூட்டி டாக்டரை எழுப்பும்முன், அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் கட்டியிருக்கலாம். காய்ச்சல், மலச்சிக்கல், வலி, சோடியம் பாருங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வீட்டிலேயே கிடக்கிறதா என்று கூட நிற்பவரைக் கேளுங்கள். பகலில் சன்னலோரம் உட்காரவையுங்கள். திடீர்க் குழப்பம் ஒரு நோயின் அறிகுறி, அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

உறக்க மாத்திரை ஏற்கெனவே போடுகிறவர்

பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த அல்பிரசோலம் பாதியில் ஆரம்பித்து, இரண்டு வருடமாக ஒன்று என்று வருபவர்கள் உண்டு. முதியவர்களுக்கு அது விழுகையும் மறதியும் தரும். மூச்சடைப்பு உள்ளவருக்கு மூச்சை இன்னும் மந்தமாக்கும். குடியோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காக இன்றே தூக்கி எறியச் சொல்லிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உறக்கமின்மை இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பும் வரும். மருத்துவர்தான் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அவரைப் பார்க்கப் போகும்போது அந்த மாத்திரை அட்டை, மீதி டப்பா, இழுப்புக்குப் போடும் டெரிஃபில்லின், காலையில் போட வேண்டிய ஸ்டீராய்டு, சளிக்கு வாங்கிய சீட்டில்லா மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, இரண்டு வாரக் காலண்டர் தாளையும் கிழித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.